பாலிசியின் பின்பக்கம்

ஆற்றுப் பாலத்தின் நடுவில், எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது: நான் விற்ற பாலிசியின் பின்பக்கத்தை நானே படித்ததில்லை.

சைக்கிளின் பின்னால் அண்ணனுக்காக வாங்கிய கம்பளி கட்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் பஸ்ராவுக்குப் புறப்படுகிறான். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. பட்டாளத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் வாத்தியாராக இருந்தவன். சண்டைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குக் கலெக்டர் கச்சேரியில் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லப்போக, மதினியிடம்கூடச் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். பஸ்ராவில் குளிரா வெயிலா என்று பாளையங்கோட்டையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதேன் தோட்டத்து ஆறுகள் ஓடுகிற சீமை என்று மட்டும் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். கொடுத்து வைத்தவன் என்றார்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று கம்பளி வாங்கினேன்.

என் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். காலேஜில் எப்.ஏ. வரை படித்து, அதில் ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதப் பொறுமையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் போட்டோ பிடிப்பது, சுருக்கெழுத்து, தேனீ வளர்ப்பு என்று மூன்று பித்துகள் எனக்கு வந்து போயிருந்தன. நான்காவது பித்து இன்ஷூரன்ஸ். ஒருவன் வீட்டுப் பாரத்தை ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமக்கிற ஏற்பாடு இது, இதைவிடக் கிறிஸ்தவமான யோசனை உலகத்தில் உண்டா என்று கோயில் வாசலில் நின்று வாதாடுவேன். ஜனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் அகப்பட்டவன் அண்ணன்தான். "உன் வாயை மூடவாவது ஒண்ணு எடுத்துக்கிடுதேன்லே" என்று சொல்லி, நான் நிரப்பிய தாளில் கையெழுத்துப் போட்டான். அப்போது சண்டை தொடங்கவில்லை. ஐரோப்பாவில் யாருக்கு யாரோடு பகை என்பது எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் பாலிசியைக் கேட்டேன். மதினி அதைக் கல்யாணச் சேலையின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். அண்ணனின் இரண்டு பெண்பிள்ளைகளும் புதுக் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல இங்கிலீஷ். ஒன்பதாவது பத்தியில் இருந்தது. கம்பெனியின் முன் அனுமதியை எழுத்தில் பெறாமல் பட்டாளம் சம்பந்தமான எந்த வேலையில் சேர்ந்தாலும், இந்தியக் கரையை விட்டுக் கடல் தாண்டினாலும், இந்தப் பத்திரம் அப்பொழுதே செல்லாது.

"என்னலே முழிக்க?" என்றான் அண்ணன்.

"நீ கப்பல்ல கால் வெச்சதும் இது வெறும் காயிதம்."

"நான் என்ன சண்டை போடவா போறேன்? பருப்பும் கோதுமையும்லா அளக்கப் போறேன்."

"பட்டாளத்துப் பருப்புலா அது."

அவன் சிரித்துவிட்டான். "ஏலே, இதை விக்கும்போது ஊருக்கே கேக்குத மாதிரி முழங்குனியே. அப்ப இந்தப் பத்தி எங்கன போச்சு?"

"பின்னால இருந்துச்சு."

மதினி சிரிக்கவில்லை. "அப்ப இவுகளுக்கு அங்கன ஒண்ணுன்னா, எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒண்ணுமில்லையா தம்பி?" என்றாள். இந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று சொல்லாமல் இருக்கத்தான் அடுத்த எட்டு நாளும் நான் ஓடினேன். மதினிக்குத் தாய் தகப்பன் இல்லை. எனக்கு வேலை இல்லை. குடியிருந்த வீடு மிஷன் வீடு. வாத்தியார் வேலையை விட்டவுடன் மூன்று மாசத்தில் காலி செய்ய வேண்டியது.

மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போனேன். ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில்தான் எங்கள் கம்பெனியின் தலைமை ஏஜெண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். நன்செய் நிலமெல்லாம் முன்னோர் காலத்தோடு போய், இவர் காலத்தில் மூக்குக்கண்ணாடியும் வெற்றிலைப் பெட்டியும் வாய்ச் சாமர்த்தியமும் மிச்சம். நெற்றி நிறையத் திருநீறு. என்னைக் கண்டாலே அவருக்கு ஒரு விளையாட்டு.

"வாரும் வே, சுவிசேஷகரே! இன்னைக்கு எத்தனை ஆத்துமாவை ரட்சிச்சீரு?"

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாலிசியை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், முன்பக்கத்தின் ஓரத்தில் குத்தியிருந்த சிவப்பு முத்திரையைக் காட்டினார்.

"இது என்னனு தெரியுமா?"

வயது இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று அதில் இருந்தது. அதையும் நான் படித்ததில்லை.

"சண்டைக்கு அனுமதி கேக்கலாம். கூடுதல் பிரீமியம் போட்டுக் கம்பெனிக்காரன் குடுத்தாலும் குடுப்பான், குடுக்காமலும் போவான். ஆனா வயசுக்கு அத்தாட்சி இல்லாம மனு மேசைக்கே போகாது வே."

"ஞானஸ்நானச் சீட்டு இருக்கு அண்ணாச்சி. அதைப் பாத்துத்தான் நான் தேதி எழுதினேன்."

"சீட்டு வேண்டாம். கோயில் புஸ்தகத்துல அந்த வரியை முழுசா நகல் எடுத்துட்டு வாரும். சீக்கிரம்."

சீக்கிரம் என்றால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையின் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஆராதனை முடிந்து அவர் அங்கியைக் கழற்றுவதற்குள் போய் நின்றேன். ஓய்வுநாளில் பதிவுப் புஸ்தகத்தைத் திறக்கிற வழக்கம் இல்லை என்று அவர் சாந்தமாகச் சொல்லிவிட்டார். அன்று முழுவதும் நான் கோயில் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அலமாரி இருந்த அறையின் ஜன்னல் வழியே, கண்ணாடிக் கதவுக்குள் அந்தப் புஸ்தகத்தின் முதுகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மழை. கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கோயில்குட்டியார் அலமாரியைத் திறந்து தூசி தட்டிக் கொடுத்தார். ஐயர் விரலை வைத்து வரியைக் கண்டுபிடித்தார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அவர்களுக்குக் கீழே அண்ணன். பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் அடுத்த கட்டத்தில். ஞானஸ்நானத் தேதி: நான் பாலிசி மனுவில் பிறந்த தேதி என்று எழுதிய அதே தேதி. பிறந்த நாள் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. வயது என்ற கட்டத்தில், 'மூன்று இருக்கலாம்.'

இதை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் அண்ணனின் பிறந்தநாள் என்று நாங்கள் கொண்டாடி வந்தது அந்த நாளைத்தான். அப்பா அப்படிப் பழக்கியிருந்தார். மனுஷன் மெய்யாகவே பிறக்கிறது தலையில் தண்ணீர் விழுகிற அன்றைக்குத்தான் என்பது அவர் கட்சி. வருஷத்தையும் அன்றிலிருந்தே எண்ணினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவர் கொடுத்த சீட்டைப் பார்த்து அதையே எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அரிவரி வகுப்பில் நாலு வயதும் ஏழு வயதும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தன. நான் அப்பாவும் அம்மாவும் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகு பிறந்தவன். எனக்குப் பிறப்பும் ஞானஸ்நானமும் ஒரு மாசத்துக்குள். அதனால் இரண்டும் வேறு வேறு என்று என் புத்தியில் படவே இல்லை. எங்களைப்போலப் புதிதாக வந்த குடும்பங்கள் செய்கிற பிழை. சாதகம் எழுதி வைக்கிற ஒரு சைவ வீட்டுப் பிள்ளை இதைச் செய்திருக்கவே மாட்டான்.

"கும்பலாக் குடுத்த ஞானஸ்நானம். யார் தேதி கேட்டா?" என்றார் ஐயர்.

நகலைப் பார்த்ததும் ஏஜெண்டு அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். விளையாட்டுப் பேச்சு நின்றுபோயிற்று. "மூணு வருஷம் குறைச்சு எழுதியிருக்கீரு. ஆள் போன பெறகு கம்பெனிக்காரன் இதைக் கண்டுபிடிச்சா மோசடின்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருவான். இப்பமே நாமளா சொன்னா பிழைன்னு போகும். ஆனா 'இருக்கலாம்'ங்கதை வெச்சு என்ன செய்ய? சாதகம் இருக்கா வே?"

சாதகம். அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஞானஸ்நானம் வாங்கின அன்று, சாட்சியாக, வீட்டிலிருந்த சாதக ஓலைகளை அப்பா உபதேசியார் முன்னால் அடுப்பில் போட்டு எரித்தார். அந்தக் கதையை வருஷா வருஷம் கோயிலில் எழுந்து நின்று சொல்வார். நாங்கள் பெருமையோடு கேட்டுக்கொண்டிருப்போம்.

மத்தியான இடைவேளையில் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் அண்ணனைப் பிடித்தேன். கடைசி வாரம் என்பதால் பிள்ளைகள் அவனை விடாமல் சுற்றி நின்றார்கள். அவர்களை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்பா எரிச்சது அவரு ஓலையும் அம்மா ஓலையும்தான். என் ஓலை ஏரல்ல பெரியப்பா வீட்டுப் பெட்டியில இருந்துச்சுன்னு அம்மா ஒருநாள் சொன்னா."

"நீ கேட்டியா?"

"அந்த வாசப்படி ஏறினாத்தான கேக்க?" பிறகு, தோளில் தட்டினான். "விடுலே. போறவன் எல்லாருமா சாவுதான்?"

பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். வேதத்துக்கு வராதவர். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. எனக்கு அவரைக் கண்ணால் கண்ட ஞாபகமே கிடையாது.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். சைக்கிள் அண்ணனோடு வேலை பார்க்கிற டிராயிங் வாத்தியாருடையது. ஏரல் வரை போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆற்றை ஒட்டிய வண்டிப்பாதை. கார்த்திகை மழையில் சகதி, பாதி தூரம் சைக்கிள்தான் என்மேல் ஏறிக்கொண்டு வந்தது. போகிற வழியெல்லாம் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பேசி ஜெயித்துவிடலாம் என்று நினைக்கிற வயசு.

ஆற்றங்கரைத் தெருவில் அவருடைய கருப்பட்டி மண்டி. உடன்குடியிலிருந்து கருப்பட்டி நிரப்பி வந்த ஓலைக் கொட்டான்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவை யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முகத்தில் திருநீறு பூசினால் அவர்.

"யாருலே நீ? உருண்டுக்கிட்டா வந்த?"

அப்பாவின் பெயரைச் சொல்லி, மகன் என்றேன். அவர் தராசைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்தப் பேரு இது? நாங்க வெச்சதா, அவனா வெச்சுக்கிட்டதா?"

"ரெண்டும் ஒரே ஆளுதான் பெரியப்பா."

"அதை நீ சொல்லுத."

தயார் செய்த பேச்சு எங்கோ போய்விட்டது. பஸ்ரா, கப்பல், பாலிசி, வயது என்று தாறுமாறாகக் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"செத்தாக் குடுப்பான்?"

"ஆமா பெரியப்பா."

"குடுக்கவன் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவில்ல. கம்பெனி."

"உறவில்லாதவன் குடுக்கதுக்கு, உறவு விட்டுப்போனவன்கிட்ட அத்தாட்சி வாங்க வந்திருக்க." கொட்டான் இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அவர் அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அண்ணன் ஓலை உங்ககிட்ட இருக்குன்னு..."

"இருந்துச்சு."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். அப்பா ஞானஸ்நானம் வாங்கின சேதி ஏரலுக்கு வந்த அன்று, அவர் படித்துறையில் இறங்கித் தலை முழுகினாராம். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டாராம். செத்தவர்களின் சாதகத்தை ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கம். அப்பாவின் ஓலையும் அம்மாவின் ஓலையும் கையில் இல்லை. இருந்தது அண்ணனுடையது மட்டும்.

"சின்ன ஓலை. ரெண்டு சுத்து சுத்துச்சு. போயிருச்சு."

"மூணு வயசுப் பிள்ளைக்குமா பெரியப்பா?"

"எழவு வீட்டுல வயசு பாத்தா தண்ணி விடுவாக?"

நான் பக்கத்திலிருந்த கொட்டான்மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் தண்ணீர். இரண்டு அண்ணன் தம்பிகளும் அவரவர் சாமிக்கு முன்னால் வைராக்கியத்தோடு நின்றிருக்கிறார்கள். நடுவில் ஒரு குழந்தை பிறந்ததற்கு அடையாளமே இல்லாமல் போயிருக்கிறது.

அவர் எனக்கு ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுக்கச் சொன்னார். நான் கடித்துக்கொண்டிருக்கும்போது, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், "சுபானு வருஷம். ஐப்பசி" என்றார். "மழை அடைச்சுப் பெஞ்சு தண்ணி இந்தத் தெரு வரைக்கும். அக்கரையில இருந்து மருத்துவச்சியைக் கூட்டியாறதுக்குள்ள பொறந்துட்டான். காதுல மூணு தடவை பேரு சொன்னவன் நான்."

நான் துள்ளி எழுந்தேன். "அது போதும் பெரியப்பா! அதை முத்திரைத்தாள்ல எழுதி, மாஜிஸ்திரேட் முன்னால ஒரு கையெழுத்து! சொந்தக்காரங்க சத்தியம் பண்ணிக் குடுத்தா ஒத்துக்கிடுவான்!"

"ஏலே, பைய. பைய." அவர் கையை உயர்த்தினார். "செத்தாச்சுன்னு தண்ணி விட்டவன் நான். இப்ப அவன் உயிரோட இருக்கான்னு நானே எழுதிக் குடுத்தா, இத்தனை வருஷமா இந்தத் தெருவுல நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு? ஊருக்காரன் என் வாயில மண்ணைப் போடமாட்டான்?"

இன்ஷூரன்ஸைப் பற்றி நான் படித்த புஸ்தகங்கள் எதிலும் இந்தக் கேள்வி வரவில்லை. அவர் திரும்பிப்போய் நாலைந்து கொட்டான்களை நிறுக்கவைத்தார்.

"எத்தனை பிள்ளை அவனுக்கு?"

"ரெண்டு."

"ஆம்பளைப் பிள்ளையா?"

"ரெண்டும் பொண்ணு பெரியப்பா."

இன்னும் ஒரு கொட்டான் நிறுத்தாயிற்று. "நாளைக்கு மண்டி மத்தியானத்துக்கு மேலதான்" என்று ஆட்களிடம் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மண்டியை ஒட்டிய வீட்டுக்குள் போய்ச் சட்டை காய்கிறதா என்று கேட்கிற சத்தம் வந்த பிறகுதான் விளங்கியது.

வியாழக்கிழமை ஸ்ரீவைகுண்டம் தாலுகா கச்சேரி. அவர் வில்வண்டியில் வந்தார்; நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எழுதுகிற குமாஸ்தா ஒவ்வொன்றாகக் கேட்டான். அண்ணனின் பழைய பெயரைப் பெரியப்பா சொன்னார். புதுப் பெயர் என்ன என்றதும் என்னைக் காட்டினார். "அதை இவன் சொல்லுவான். எழுதிக்கிடும்." உறவு என்ன என்று கேட்டான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி மகன்" என்றார்.

"தம்பி உயிரோட இருக்காரா?"

"இல்ல."

அப்பா இறந்து ஆறு வருஷம். பெரியப்பா மனசில் அது முப்பது வருஷம். எந்தக் கணக்கில் அந்த 'இல்ல' என்று நான் கேட்கவில்லை. கையெழுத்தை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். வெளியே வந்ததும், "அவன்கிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்தார்.

"என்ன சொல்ல பெரியப்பா?"

"ஒண்ணுமில்ல. போ. மழை வருது."

வெள்ளிக்கிழமை காலை ஏஜெண்டு அண்ணாச்சியே உட்கார்ந்து மனுவை எழுதினார். பிழையை ஒப்புக்கொண்டு, உண்மை வயதைச் சொல்லி, கோயில் நகலும் பெரியப்பாவின் பிரமாணமும் சேர்த்து, யுத்தகால அனுமதி கேட்டு. பதிவுத் தபாலில் மனுவும் அத்தாட்சிகளும். முன்கூட்டியே ஒரு தந்தி. "இனி உம்ம தேவனும் என் நெல்லையப்பனும் பாத்துக்கிடட்டும்" என்றார். ஆனால் டைரக்டர்கள் மாசத்துக்கு இரண்டு தடவைதான் கூடுவார்கள் என்பதையும் சொன்னார். அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஏரலுக்குப் போயிருக்க மாட்டேன் என்று நினைத்தாராம்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் சபை முழுவதும் வந்திருந்தது. பாட்டுப் பாடினார்கள். ஐயர் ஜெபம் செய்தார். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பதில் வந்ததா என்று அர்த்தம். இல்லை என்று தலையை ஆட்டினேன். பெரியப்பா சொல்ல ஆரம்பித்து நிறுத்தியதை அவனிடம் சொன்னேன். "சரி" என்றான். அவ்வளவுதான்.

மதினி ஒரு துணியில் எதையோ சுற்றி மார்போடு வைத்திருந்தாள். வண்டி மணி அடித்ததும் என் பக்கம் வந்து அதைப் பிரித்தாள். பாலிசி.

"கம்பெனிக்காரங்க யாராவது இந்த வண்டியில வருவாகளா தம்பி? வந்தா இவுக ஏறுததுக்கு முன்னால ஒரு எழுத்து வாங்கிப்புடலாமேன்னு கொண்டாந்தேன்."

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்குத்தான் வாய் உண்டே.

புதன்கிழமை சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வயது முப்பத்துமூன்று என்பதைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது. எங்களுடைய நேர்மையைப் பாராட்டி ஒரு வாக்கியம் இருந்தது. ஆனால் தற்காலம் யுத்த அபாயம் எதையும் கம்பெனி ஏற்பதில்லை. பாலிசிதாரர் கடல் கடந்து பட்டாள வேலையில் இருக்கும்வரை பாலிசி உறக்கத்தில் வைக்கப்படும். அவர் தேக சுகத்தோடு திரும்பி வந்தால், டாக்டர் பரிசோதனைக்குப் பிறகு, மறுபடி நடப்புக்கு வரும்.

அதை மதினிக்குத் தமிழில் சொன்னேன். ஒரு தரம் சொல்லி, விளங்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன்.

"விளங்குது தம்பி" என்றாள். "இவுக நல்லா இருந்தா நாம நல்லா இருப்போம்னு எழுதியிருக்காக. அது எனக்கே தெரியுமே. அதுக்கா இவ்வளவு ஓடின?"

அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள். அன்று மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, மிஷன் வீட்டைக் காலி செய்தால் சாத்தான்குளம் பக்கம் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாமே என்று விசாரித்தாள். சின்னவளை அங்கே கூட வைத்துக்கொள்ள விடுவார்களாம். பெரியவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அண்ணனிடமிருந்து ஒரு கார்டு. பம்பாயில் கூடார முகாமில் இருக்கிறார்களாம். கப்பல் எப்போது என்று சொல்லமாட்டார்களாம். இன்றைக்கும் இருக்கலாம், பத்து நாளும் ஆகலாம். சாப்பாடு பரவாயில்லை என்று எழுதியிருந்தான். பிள்ளைகளை அடிக்காதே என்று மதினிக்கு ஒரு வரி.

கார்டை எடுத்துக்கொண்டு ரத வீதி மாடிக்கு ஓடினேன். ஏஜெண்டு அண்ணாச்சி ரொம்ப நேரம் பாக்கை மென்றார். பிறகு, பம்பாயில் வேறொரு கம்பெனி உண்டு, சண்டை போடாத குமாஸ்தாக்களுக்கு மட்டும் கூடுதல் பிரீமியத்தில் யுத்த பாலிசி கொடுத்ததாக ஒரு காலத்தில் கேள்விப்பட்டேன் என்றார். இப்போதும் கொடுக்கிறார்களா என்று தெரியாது. கொடுத்தாலும் ஆள் நேரில் வர வேண்டும், அவர்கள் டாக்டர் பார்க்க வேண்டும், கப்பல் கரையை விடுமுன் அவர்கள் ஒப்புக்கொண்ட எழுத்து கைக்கு வர வேண்டும். முகாமிலிருந்து அவனை வெளியே விட வேண்டும். "நடக்காது வே" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனி இருந்த தெருவின் பெயரை ஒரு பழைய உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

நடக்காது என்று எனக்கும் தெரியும். மதுரைக்கு வடக்கே நான் போனதில்லை. பம்பாய்ப் பாஷை ஒரு சொல் தெரியாது. நான் போய்ச் சேர மூன்று நாள். அதற்குள் கப்பல் போயிருக்கலாம். மதினியிடம் சொன்னபோது, போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழிக்குப் புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றாள்.

நாளைக் காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பெரியப்பாவின் பிரமாணத்துக்குக் கச்சேரியில் இன்னொரு நகல் வாங்கி, சட்டைக்குள் தைத்துக்கொண்டேன். இறங்கியதும் கம்பெனியைத் தேடுவதா முகாமைத் தேடுவதா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். முகாமைத்தான் முதலில் தேட வேண்டும். காவல்காரனிடம் இங்கிலீஷில் பேசிப் பார்க்கிறேன். விடாவிட்டால் பட்டாளத்துப் பாதிரியார் யாராவது இருப்பார், அவரைக் கேட்கிறேன். அவரும் முடியாது என்றால் துறைமுகத்து வாசலில் நிற்கிறேன், பட்டாளம் அந்த வழியாகத்தானே கப்பலுக்குப் போக வேண்டும்.